குப்பைத்தொட்டிக்கு வேறு பெயர்

ஜவுளிக்கடையில் கொடுக்கிற பையைத் தரையில் வைக்கப் போனால் இன்றைக்கும் என் கை பாதியில் நிற்கிறது. காஞ்சிபுரத்தில் கடைக்கு ஒரு பை, பைக்கு ஒரு சாமி. ஒன்றில் காமாட்சி சிரிப்பாள், இன்னொன்றில் வரதராஜப் பெருமாள் குடைக்குக் கீழே நிற்பார். அந்தப் பையில்தான் நாங்கள் வெங்காயம் வாங்குவோம், மழை வந்தால் செருப்பைப் போட்டு எடுத்துக்கொண்டு போவோம். யாரும் ஒன்றும் நினைத்ததில்லை. ஒரு மனுஷர் வந்துதான் எங்கள் நிம்மதியைக் கெடுத்தார்.

"கீழ வைக்காதேம்மா. பெருமாள் எழுந்தருளியிருக்கார் பாரு."

சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார். எல்லோருக்கும் போல எனக்கும் 'சார்'தான், பெயர் சொல்ல மாட்டேன். எங்கள் வீடு தறி வீடு. பின்கட்டில் அப்பா நெய்துகொண்டிருப்பார், முன்னறையில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். பிறகு ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறந்ததில், மிஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். இரண்டாயிரமாவது வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. போன் ஒயரில்தான் இன்டர்நெட் வரும். கீ... கிர்ர்... என்று கத்தி முடித்து அது ஒட்டிக்கொள்வதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம்.

கடை ராசிக்கு இருக்கட்டுமே என்று எல்லா கம்ப்யூட்டரிலும் பெருமாள் படம் வைத்திருந்தேன். சார் முதல்முதலாக உள்ளே வந்து உட்கார்ந்தவர், மவுஸைத் தொட்டதும் சுட்டதுபோல் கையை எடுத்துவிட்டார்.

"ஏம்மா, இந்த அம்பு அவர் மூஞ்சி மேல ஊர்றதே!"

"அது மவுஸ் சார். அப்படித்தான் போவும்."

"எறும்பு ஊர்ந்தாலே நமக்குத் தாங்கலை. எடுத்துடு."

எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து என் கடையில் கம்ப்யூட்டருக்கு வெறும் நீலம்தான்.

சாமி முகம் இருக்கிற எதையும் அவரால் தூக்கிப் போட முடியாது. அவ்வளவுதான் அவர். ஊதுபத்தி அட்டை, பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை, தேர்ப்படம் வந்த பேப்பர், எல்லாம் அவர் வீட்டில் சேரும். நிறைந்ததும் ஒரு மூட்டையாகக் கட்டி, குளத்துப் பக்கம் அரசமரத்தடியில் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார். 'சாருக்குப் பாரம் தாங்கலை' என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் விழும், கண்டுகொள்ள மாட்டார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கேள்விக்குப் பதில் தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் பெரிதாக 'ஸ்ரீராமஜெயம்' எழுதிவிடுவார்கள். சார் சிவப்புப் பேனாவைத் திறப்பார், மூடுவார். பெருமாள் பெயர் மேல் எப்படிக் குறுக்குக் கோடு போடுவது? பக்கத்தில் கொட்டை கொட்டையாக முட்டை மட்டும் போட்டு அனுப்புவார். "மார்க் இல்லேன்னாலும் புண்ணியம் உண்டுடா" என்பாராம். அவர் வகுப்பில் படித்தவன் ஒருத்தன் என் கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

அவருக்கு மெயில் திறந்துகொடுத்தது அவர் மகள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், என்னிடம்தான் டைப் கற்றுக்கொண்டாள். அம்மா இல்லாத பெண். சென்னையில் வேலைக்குப் போன புதிதில், "அப்பா, இதுல தினமும் பேசிக்கலாம்" என்று என் கடையிலேயே உட்கார்ந்து அப்பாவுக்கு ஒரு கணக்கு திறந்து, பாஸ்வேர்டும் அவளே வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். சாருக்கு ஒரு பழக்கம். எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் ஒற்றை விரலால் அடிப்பார். "கே... யு... டி... டி... ஐ... எம்... ஏ." குட்டிமா. ரகசியமாக இருக்க வேண்டியது கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் கூட வேலை செய்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பையன், கிறிஸ்துவக் குடும்பம். அவன் தாத்தா ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதவர். சொல்ல வேண்டுமா? சன்னதித் தெருவில் வாய் ஓயவில்லை. சார் யாரிடமும் கத்தவில்லை. கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, செத்தவர்களுக்குச் செய்கிற மாதிரி, முடித்துவிட்டார். மறுநாள் நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

"பாப்பா எப்படி இருக்குது சார்?"

"எனக்குப் பொண்ணே கிடையாதும்மா. தலைமுழுகியாச்சு" என்றார். என்றுவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, "கே... யு... டி... டி..." என்று அடிக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அவருக்கு வருகிற மெயில் முக்கால்வாசி வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர் பக்தர்கள் அனுப்புவது. கருட சேவை, தெப்பம், புறப்பாடு என்று படம் படமாக வரும். ஒரு படம் மேலிருந்து கீழே இறங்க யுகம் ஆகும். முதலில் குடை தெரியும், அப்புறம் கிரீடம், அப்புறம் திருமுகம். திருவடி வரும்வரை சார் கை கூப்பியபடி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் பையன்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நடுநடுவே மகள் பெயரில் மெயில் வரும். அதைத் திறக்க மாட்டார். பக்கத்தில் ஒரு டிக், 'டிலீட்', முடிந்தது. பத்தி அட்டையைத் தூக்கிப் போட முடியாத அதே கை, கொஞ்சம்கூட நடுங்காது. எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! ஆனால் கடைக்கு வருகிற கஸ்டமர், அதுவும் வாத்தியார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. யார் பெற்ற பெண்? பரீட்சைப் பேப்பரில் பிள்ளைகள் செய்ததை அவளும் செய்தாள்.

ஒருநாள் சார் என்னைக் கூப்பிட்டார். "இங்க வாயேம்மா. இது என்ன?"

மகள் பெயர். தலைப்பில் 'கருட சேவை' என்று இங்கிலீஷ் எழுத்தில். பக்கத்தில் படம் இருக்கிறது என்பதற்கான பேப்பர் கிளிப் அடையாளம்.

"உங்க பொண்ணு படம் அனுப்பிச்சிருக்குது சார்."

"உள்ள பெருமாள் இருக்காரா?"

"தொறந்தாத்தான் தெரியும்."

மவுஸை டிலீட் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். திறக்காமல் அழித்தால் உள்ளே பெருமாள் இருந்துவிட்டால்? திறந்தார். மேலே நாலு வரி, 'அப்பா, எப்படி இருக்கீங்க' என்று ஆரம்பித்து. கீழே படம் இறங்க ஆரம்பித்தது. சார் சட்டென்று வலது உள்ளங்கையை விரித்து அந்த நாலு வரியின் மேல் வைத்து மறைத்துக்கொண்டார். இடது கை மட்டும் நெஞ்சுக்கு நேரே, பாதிக் கும்பிடாக. அப்படியே பெருமாளைச் சேவித்தார்.

அதை அழிக்கவில்லை. அழிக்க முடியாதே!

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் அவளிடமிருந்து பெருமாள் வந்தார். சார் கை வைத்து மறைப்பதும் தவறவில்லை. ஆனால் நான் காபி எடுத்துக்கொண்டு பின்னால் போகும்போது பார்ப்பேன். முதல் மாதம் விரல்கள் ஒட்டி இருந்தன. அப்புறம் சுண்டுவிரல் கொஞ்சம் விலகியது. ஆடி போய் ஆவணி வரும்போது ஐந்து விரலும் ஐந்து திசையில் இருந்தது. அதற்குப் பெயர் மறைப்பதாம்!

வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. அந்தக் காலத்து இலவச மெயிலில் இடம் எவ்வளவு? இரண்டே எம்.பி. இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே அது காணாது. சாரின் பெட்டி பெருமாளால் நிரம்பிக்கொண்டே வந்து, சிவப்பில் எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது.

"பழசை எல்லாம் டிலீட் பண்ணணும் சார்."

"பண்ணினா எங்க போகும்?"

"தோ, இங்க. டிராஷ்."

"குப்பையா?" நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தே விட்டார். "பெருமாளைக் குப்பைத்தொட்டில போடச் சொல்றானா? அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கான், காலி பண்ணட்டுமான்னா? அபசாரம், அபசாரம்!"

"அப்போ உங்க பொண்ணு லெட்டரை எல்லாம் எங்க சார் போட்டீங்க?" என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

"வேற எவனாவது குப்பைன்னு சொல்லாம மரியாதையா வேற பேர் வெச்சிருக்கானா பாரேன்" என்றார்.

இப்படித்தான் ஊரில் உள்ள இலவச மெயிலை எல்லாம் நாங்கள் ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தோம். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கூட அவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டார். கம்பெனிப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. பெருமாள் வாகனங்களின் பெயரை வைத்துவிட்டார். மகள் திறந்துகொடுத்தது குதிரை. வேகம், ஆனால் முதுகில் இடமில்லை. இன்னொன்று யானை. ஆறு எம்.பி. இடம், அசைந்து அசைந்துதான் வரும். மூன்றாவது அன்னம். வேண்டிய மெயில், வேண்டாத மெயில் என்று தானே பிரித்து வைக்கும். 'பாலையும் தண்ணியையும் பிரிக்கிறதும்மா' என்று சாருக்கு ஒரே ஆனந்தம்.

கெமிஸ்ட்ரி லேபில் உப்பைச் சோதிக்கிற மாதிரி ஒவ்வொன்றையும் சோதித்தார். ஒரே படத்தை மூன்றுக்கும் அனுப்பி, எதில் முதலில் வருகிறது, எது பெரிய படத்தை வாங்க மாட்டேன் என்கிறது, எதில் பெருமாள் தலைமாட்டில் விளம்பரப் பெண் வந்து கண்ணடிக்கிறாள் என்று பார்த்தார். கண்ணடித்தால் அந்தக் கணக்குக்கு ஒரு குட்டு. எதில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்று கேட்டால், எல்லாவற்றிலும்தான். யானையில் குப்பைத்தொட்டிக்கு 'நீக்கியவை' என்ற மாதிரி ஒரு பெயர்.

"இவன் கொஞ்சம் மரியாதை தெரிஞ்சவன்" என்றார் சார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீக்கினது நீக்கினதுதானே" என்றும் சொன்னார்.

அன்னத்தின் லட்சணம் ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. பக்தர்கள் அனுப்பிய புறப்பாடு முழுவதையும் வேண்டாததில் தள்ளிவிட்டு, லாட்டரி விழுந்திருக்கிறது, மொட்டைத் தலையில் முடி முளைக்கும் என்று வந்ததை எல்லாம் பத்திரமாக உள்ளே வைத்திருந்தது.

"பாலைக் கொட்டிட்டுத் தண்ணியை வெச்சிக்கினு இருக்குது சார் உங்க அன்னம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "யார் வேணும், யார் வேண்டாம்னு மிஷினுக்கு எப்படிம்மா தெரியும்" என்றார்.

யானைதான் சரி என்று எனக்கு முதல் வாரமே தெரியும். அவருக்கும் தெரியும். அதில் கணக்கும் திறந்தாயிற்று. ஆனால் மாற மாட்டேன் என்கிறார். அதில் படம் இறங்க நேரமாகிறது என்பார். ஒரு மாதம் உள்ளே போகாவிட்டால் கணக்கையே எடுத்துவிடுவானாமே என்பார். எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் என்றால், யோசிக்கணும் என்பார். அதற்குள் குதிரையின் முதுகு முறிகிற நிலை. இன்னும் ஒரு படம் வந்தால் வழிந்துவிடும்.

"வழிஞ்சா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"வர்ற மெயில் அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடும் சார்."

"சும்மா திரும்பிப் போகுமா? ஏதாவது சொல்லி அனுப்புவானா?"

"இந்த ஆள் பெட்டியில இடம் இல்லன்னு சொல்லுவான்."

சாரின் முகம் சுருங்கிப்போயிற்று. "இடம் இல்லேன்னா சொல்லுவான்?"

"ஆமா சார்."

"நான் சொன்னதா நினைச்சுக்கமாட்டாளோ" என்றார், என்னிடம் இல்லை, கீபோர்டிடம்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இத்தனை மாதமாகக் கடித்த பல்லைத் திறந்துவிட்டேன்.

"சார், கோச்சிக்காதீங்க. குதிரையும் இல்ல, யானையும் இல்ல. எது நல்லதுன்னு உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிபோச்சு. அட்ரஸ் மாறினா பக்தருங்களுக்கு நானே சொல்லிடுவேன். ஆனா உங்க பொண்ணுக்கு நீங்கதான் எழுதணும். அதுக்குப் பயந்துக்கினுதான் இந்தப் பொருத்தம் பாக்கற வேலை. எங்க வீட்டுத் தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டுவோம் சார். அதுக்காகப் பாவு நூல் மொத்தத்தையும் வெட்டிப் போட மாட்டோம். படத்தை அழிக்க மனசு வராத ஆளுக்குப் பொண்ணை அழிக்க மட்டும் எப்படி சார் வந்திச்சி?"

கிரிக்கெட் பார்த்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்கட்டில் அப்பாவின் தறிகூட நின்ற மாதிரி இருந்தது. சார் எழுந்தார். நாற்காலியில் மாட்டியிருந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க வரவில்லை. நான் வாசலைப் பார்த்தபடியே கடை நடத்தினேன். வாத்தியாரைப் பிடித்து நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேனே என்பது ஒரு பக்கம். அந்தப் பெண் இந்த வாரப் பெருமாளை அனுப்பியிருப்பாள், அது இடம் இல்லை என்று திரும்பிப் போயிருக்குமே என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகமாக வலித்தது. அவளுக்கு நானே போன் பண்ணலாமென்றால் நம்பர் தெரியாது.

சனிக்கிழமை கோயில் மாலை பூஜை மணி அடித்து முடித்த நேரத்துக்கு சார் வந்தார். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"யானையைத் திறம்மா."

திறந்துகொடுத்துவிட்டு நகர்ந்தேன். குதிரையையும் திறந்துவைத்துக்கொண்டு எதையோ ஒவ்வொன்றாக யானைக்கு அனுப்பினார். பிறகு ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினார். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு பேர் வந்து வேலை முடித்துப் போனார்கள், அவர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் கூப்பிட்டார்.

"பிழை ஏதாவது இருக்கா பாரு."

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். 'அன்புள்ள' என்று கிடையாது, 'சௌக்கியமா' என்று கிடையாது. லேப் ரெக்கார்ட் மாதிரி இருந்தது.

'பழைய பெட்டியில் இடம் இரண்டு. இதில் ஆறு. வேகம் குறைவு, பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது ஒன்று பார்த்தேன். வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று பிரிப்பதாகச் சொல்கிறான். அவனுக்குத் தெரியவில்லை. இதில் அந்த வசதி கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் நேரே உள்ளே வரலாம். படம் வைத்தால்தான் என்று இல்லை, வெறும் எழுத்தும் அனுப்பலாம். எழுத்து அதிக இடம் எடுக்காது.

பழைய பெட்டியில் உள்ள பெருமாள்கள் அங்கேயே இருக்கட்டும். ஒரு மாதம் நான் போகாவிட்டால் அவனே கரைத்துவிடுவான், யாரும் கை வைக்க வேண்டாம். நம் ஊரில் பெருமாள் கோயில் குளத்துத் தண்ணீருக்குள் இருப்பது புதிதில்லை. நீ அனுப்பியவற்றை மட்டும் இங்கே மாற்றிவிட்டேன்.

இதிலும் ஒரு மாதம் உள்ளே போகாவிட்டால் கணக்கை எடுத்துவிடுவான். நான் தினமும் போவேன்.'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன், மறைக்கவில்லை.

"பிழை இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சார். அனுப்புங்க."

அழுத்தினார். போகவில்லை. கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தியது.

"என்னவாம்?"

"தலைப்பு ஒண்ணும் போடலையாம் சார். காலியா அனுப்பட்டுமான்னு கேக்குது."

"காலியா வேண்டாம்" என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் பழைய பழக்கம் வந்துவிட்டது. கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒற்றை விரலால் அடித்தார்.

"ஐ... டி... ஏ... எம்..." கொஞ்சம் நிறுத்தி, இடைவெளிப் பட்டையைத் தட்டிவிட்டு, "ஐ... ஆர்... யு... கே... கே... யு."

இடம் இருக்கு.